மே மாதம் பெங்களூரில் பிசிக்ஸ் முகாமா, புதுச்சேரியில் கோச்சிங்கா?

மஞ்சை_பிளஸ்ஒன் | ஞாயிறு, மாலை 6:20

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன், கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப். பெங்களூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறை, மே மாதத்தில் பள்ளி மாணவர்களுக்கு மூன்று வாரம் தங்கிப் படிக்கும் முகாம் நடத்துகிறது. முதலில் ஆன்லைனில் ஒரு தேர்வு. அப்புறம் உங்களை யோசிக்க வைத்த ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தேவனாம்பட்டினம் பீச்சில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அலை மட்டும் கரைக்கு நேராகவே வந்து விழுகிறதே, ஏன் என்று எழுதினேன். தேர்வாகிவிட்டதாக மெயில் வந்துவிட்டது.

கட்டணம் 28,000 ரூபாய். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அதில் அடங்கும். ஏப்ரல் 10க்குள் பாதியைக் கட்ட வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், புதுச்சேரியில் ஒரு கோச்சிங் சென்டரில் ஜேஇஇக்கு இரண்டு வருடப் பணமும் கட்டியாகிவிட்டது. மே முதல் வாரமே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிக்கிறார்கள். மூன்று வாரம் வர மாட்டேன் என்று கேட்டதற்கு, "அப்படியானால் உன்னை அடுத்த பேட்சுக்கு இறக்கிவிடுவோம்" என்றார்கள். அப்பா பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். இன்னொரு 28,000 அவருக்குச் சின்னத் தொகை இல்லை. எனக்கு பிசிக்ஸ் பிடிக்கும், ஆனால் பிடித்தது மட்டும் போதுமா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கட்ஆஃப்_200 | ஞாயிறு, மாலை 6:55

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். போகாதே.

நான் சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். உன் ஊர்க்காரன்தான், செம்மண்டலம். ஜேஇஇ மெயினில் 3 மணி நேரத்தில் 75 கேள்வி, ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. அந்த வேகம் பழக்கத்தில்தான் வரும். மே மாதம் எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸ் ஓடும். அதை விட்டால் கரன்ட் எலெக்ட்ரிசிட்டி புரியாது, அதை விட்டால் மேக்னட்டிசம். ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் விட்டதைப் பிடிக்க நேரமே இருக்காது.

முகாம் சர்டிபிகேட்டை வைத்து இங்கே யாரும் சீட் தரப்போவதில்லை. அண்ணா பல்கலைக் கவுன்சிலிங் என்றால் கணக்கு மார்க், பிசிக்ஸில் பாதி, கெமிஸ்ட்ரியில் பாதி, மொத்தம் 200, அவ்வளவுதான். அமெரிக்காவில் கல்லூரி விண்ணப்பத்தில் கோடை முகாமுக்கு ஒரு கட்டம் இருக்கும். நம்மூரில் அந்தக் கட்டமே இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆசை தீர பிசிக்ஸ் படிக்கலாம்.

பண்ருட்டி_அப்பா | ஞாயிறு, இரவு 8:10

நான் பணம் கட்டுகிற ஆள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். போன வருடம் என் பையனை ஒரு தனியார் நடத்திய விண்வெளி முகாமுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஒரு டி-ஷர்ட், ஒரு குரூப் போட்டோ, லேமினேட் செய்த சர்டிபிகேட். காலையிலிருந்து மாலைவரை திரையில் படம் ஓட்டியிருக்கிறார்கள். தொலைநோக்கி ஒன்றே ஒன்று. வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் கண்ணை வைத்தார்கள். "என்னடா பார்த்தே?" என்று கேட்டால், "மங்கலா வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுதுப்பா" என்கிறான்.

எங்கள் ஊரில் பலாப்பழம் வாங்குகிறவன்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். முகாமையும் தட்டிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. தேர்வு வைத்தார்கள் என்பதாலேயே நல்ல முகாம் என்று நினைத்துவிடாதே. கட்டணம் வாங்கும் இடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேள். எழுதிய எல்லோருக்கும் "வாழ்த்துகள்" மெயில் போயிருக்கலாம்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9:40

அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பண்ருட்டிக்காரர் சொன்னது சரி. எங்கே தட்டிப் பார்ப்பது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

அம்மா, அவர்களுக்கு ஒரு மெயில் போடு. தினசரி அட்டவணையைக் கேள். அதில் "சிறப்பு விரிவுரை" என்று எத்தனை மணி நேரம், பரிசோதனைக் கூடத்தில் எத்தனை மணி நேரம் என்று பார். கருவி ஒன்றுக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டு பேர் என்றால் நல்லது, நான்கு வரை பொறுத்துக்கொள்ளலாம். எட்டு என்றால் ஏழு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பாடம் எடுப்பது அந்தத் துறையின் பேராசிரியர்களா, இல்லை விடுமுறைக்குப் பிடித்துவந்த ஆட்களா? கடைசியில் மாணவர்கள் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா, அதை யாராவது படித்துத் திருத்துவார்களா? போன வருடம் வந்த மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்வார்களா? கட்டணச் சலுகை உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேள். கல்லூரித் துறைகள் நடத்தும் முகாம்களில் இது பல நேரம் உண்டு, விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அட்டவணையை அனுப்பாமல் "வந்து பாருங்கள், பிரமாதமாக இருக்கும்" என்று எழுதினால் பணம் கட்டாதே.

ஓடி_பையன் | ஞாயிறு, இரவு 9:52

சார், எங்க ஸ்கூல் லேப்ல கருவி ஒண்ணுக்கு நாப்பது பேர். அதுவும் பூட்டுன பீரோவுக்குள்ள.

நெய்வேலி_நிலா | ஞாயிறு, இரவு 11:15

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். இப்போது வெளிமாநிலத்தில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறேன். கட்ஆஃப் தம்பி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சர்டிபிகேட்டுக்கு இங்கே காலணா மதிப்பில்லைதான். ஆனால் நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அது எதற்கும் பயன்படாது என்பதால்தான் அங்கே போய் நிம்மதியாகத் தப்பு ரீடிங் எடுக்க முடியும்.

என்ன சொல்கிறேன் என்று விளக்க ஒன்றை மட்டும் விவரமாக எழுதுகிறேன். பிளஸ் ஒன் விடுமுறையில் நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன். ஒரு பிரெட்போர்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று எல்இடிகள், ஒரு மல்டிமீட்டர், ஒரு கருப்புக் காகிதக் குழாய் கொடுத்தார்கள். வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், குழாய்க்குள் கண்ணை வைத்து எல்இடி எப்போது மினுக்கத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். சிவப்பு 1.7 வோல்ட் பக்கத்தில் எரிந்தது, நீலம் இரண்டரை வோல்ட் தாண்டித்தான் எரிந்தது. வோல்டேஜையும் அலைநீளத்தின் தலைகீழையும் கிராஃபில் போட்டால் ஒரு நேர்கோடு. அதன் சாய்விலிருந்து, ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலி வந்துவிடும். புத்தகத்தில் மட்டுமே பார்த்த 6.63 × 10⁻³⁴ என்ற எண்ணைப் பத்து ரூபாய் சாமானை வைத்துப் பிடிக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு வந்தது 5.7. நானும் என் ஜோடியும் என்ன செய்தோம் தெரியுமா? எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்வதைத்தான். நீல எல்இடி ரீடிங்கைக் கொஞ்சம் தூக்கினால் 6.6 வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அங்கிருந்த பேராசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. "எது தொடக்கப் புள்ளி என்று யார் முடிவு செய்தது? உன் கண்ணா, உன் ஜோடியின் கண்ணா?" என்று கேட்டார். தனித்தனியாகப் பார்த்தோம். இருவருக்கும் 0.1 வோல்ட் வித்தியாசம். சிவப்பில் ஒரு மாதிரி, நீலத்தில் ஒரு மாதிரி. அந்த வித்தியாசத்தை கிராஃபில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் கோடாகப் போடச் சொன்னார். போட்டால் 5.7 தப்பு என்றே சொல்ல முடியவில்லை. சாய்வை எவ்வளவு தூரம் ஆட்டலாமோ அதற்குள் 6.6ம் இருந்தது. அப்புறம் இரண்டு நாள் "கண்ணை நம்பாமல் வேறு எப்படி அளக்கலாம்" என்று அதிலேயே கிடந்தோம். கரன்ட்டை அளந்து கோடு வரைந்து பின்னோக்கி நீட்டலாம் என்று நாங்களே கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

பள்ளியில் என்ன நடக்கிறது? ரெக்கார்டு நோட்டில் போன வருட அக்காவின் ரீடிங். தனி ஊசல் செய்தால் எல்லோருக்கும் g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், சரியாக 9.8. எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று வாரம் உருப்படியான முகாம் ஒன்றில் இருந்தால், அளந்த எண்ணையும் எழுதி வைத்த எண்ணையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். இதை எந்தக் கோச்சிங்கும் தராது. தர வேண்டும் என்பது அவர்கள் வேலையும் இல்லை.

உன் அலைக் கேள்வி அருமை. ஒரு துப்பு தருகிறேன்: கரையோரத்தில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது, ஆழத்தை g ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல், 1 மீட்டரில் அதில் பாதி. சாய்வாக வரும் ஓர் அலையின் ஒரு முனை முதலில் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று வரைந்து பார்.

கட்ஆஃப்_200 | திங்கள், காலை 7:05

அக்கா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது போய் ஜெயித்தவர்கள் சொல்லும் கதை. அதே முகாமுக்கு வந்துவிட்டு, ஜேஇஇயும் போய், பிசிக்ஸும் போய் உட்கார்ந்திருப்பவர் யாரும் இங்கே வந்து எழுதமாட்டார்.

இன்னொன்று. உண்மையிலேயே தரம் வேண்டும் என்றால் ஒலிம்பியாட் வழி இருக்கிறதே. நவம்பரில் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் முதல் கட்டத் தேர்வு, அதில் தேறினால் அடுத்த கட்டம், அதிலும் தேறினால் மும்பை மான்குர்தில் ஹோமி பாபா மையத்தின் கோடை முகாம். 35 பேர் அளவில்தான் எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, ரயில் செலவு எல்லாம் அவர்களுடையது. அங்கிருந்து ஐந்து பேர் சர்வதேசப் போட்டிக்குப் போகிறார்கள். அந்த முகாம்வரை போனவர்களுக்குச் சென்னை ஐஐடியில் இப்போது தனிச் சேர்க்கை வழியே இருக்கிறது. அதற்குப் போ, நானே வந்து வழியனுப்புகிறேன். 28,000 கொடுத்துப் போவது வேறு.

நெய்வேலி_நிலா | திங்கள், காலை 8:30

வழியனுப்ப வருகிறேன் என்கிறாய், நவம்பர் தேர்வு என்று ஒன்று இருப்பதே கடலூரில் எத்தனை பள்ளிகளில் அறிவிப்புப் பலகையில் வருகிறது, தம்பி? மான்குர்த் கதவு மிகச் சின்னது. அது திறக்காவிட்டால் வேறெங்கும் பரிசோதனையே தொடக் கூடாது என்றால் எப்படி? அந்தத் தேர்வை அவள் பிளஸ் டூவிலும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

அமெரிக்காவில் 1959லிருந்து சம்மர் சயன்ஸ் புரோகிராம் என்று ஒன்று நடக்கிறது. அதன் வானியல் பிரிவில் பள்ளிப் பிள்ளைகள் பல வாரம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வார்கள். ஒரு சிறுகோளை இரவில் தொலைநோக்கியில் படம் பிடித்து, அது நகர்வதை அளந்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணக்கிடுவார்கள். நான் முகாமுக்கு வைக்கும் அளவுகோல் இதுதான். மூன்று வாரத்தில் இருபது தலைப்பு என்றால் வேண்டாம். இரண்டு மூன்று கேள்வியில் ஆழமாக இறக்கிவிடுகிறார்கள் என்றால் போகலாம்.

லாஸ்பேட்டை_லென்ஸ் | திங்கள், மதியம் 1:20

கோச்சிங்கா பிசிக்ஸா என்ற இந்தச் சண்டை புதுச்சேரிக்குப் புதிதல்ல. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் ஊர்க்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1825ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். சென்னை வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம், அந்த ஆண்டு மே கடைசி இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அந்த மனிதர் தாளும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை அடுக்கினார், எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து அவற்றை எடுத்துப் போட்டார், விடை சொன்னார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு 4 நிமிடம்தான். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்ற கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். ஆனால் விடை வந்தது, அதுவும் வெறும் சோழியில்!

அதே ஊருக்கு அதற்கு முன்னால் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் வந்தார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம் என்பது அப்போதைய பெரிய திட்டம். 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரை இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், நேரத்தைத் துல்லியமாக எடுக்க வழியில்லை. விடாமல் எட்டு ஆண்டு இந்தப் பக்கமே சுற்றி, புதுச்சேரியில் ஆய்வகம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு வானம் தெளிந்தது. ஊர் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக முடிவு செய்து அகாடமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

கோச்சிங்கில் சொல்லித்தரும் ஷார்ட்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோழிதான் ஞாபகம் வரும். கேவலமாகச் சொல்லவில்லை, அபாரமான திறமை அது. ஆனால் நடுவில் 23 நிமிடம் ஏன் பிசகுகிறது என்று தேட வேண்டுமானால் சோழிக்கு வெளியே போக வேண்டும்.

கட்ஆஃப்_200 | திங்கள், மதியம் 1:48

சார், உங்கள் கதைப்படியே பார்த்தால் பஞ்சாங்கக்காரருக்கு விடை கிடைத்தது, வெள்ளைக்காரருக்கு வேலையும் போனது. நான் யார் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 😄

ஓடி_பையன் | திங்கள், மதியம் 1:50

செத்துட்டாருன்னு சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாமே. கோச்சிங் சென்டர்ல அடுத்த பேட்சுக்கு இறக்கிவிடுறதும் அதே மாதிரிதான்.

கெடிலக்கரை | திங்கள், மாலை 5:30

சிரித்தது போதும். அந்தப் பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று யாருமே கேட்கவில்லையே. இன்ஜினியரிங்தான் என்று முடிவு செய்துவிட்டாயா, அல்லது இயற்பியலா?

மஞ்சை_பிளஸ்ஒன் | திங்கள், இரவு 7:15

அதுதான் சார் தெரியவில்லை. வீட்டில் இன்ஜினியரிங். எனக்கு இயற்பியல் என்றால் கடைசியில் பி.எட். முடித்து டீச்சராகத்தான் போக வேண்டுமா என்று ஒரு பயம் (டீச்சர் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை சார்). பாட்டுக்கும் எனக்கும் எவ்வளவு தூரமோ, ஆங்கிலத்துக்கும் எனக்கும் அவ்வளவு தூரம். பத்தாவதுவரை தமிழ் மீடியம். மற்ற பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், மும்பைக்காரர்களாக இருந்தால் வாயே திறக்க முடியாதோ என்றும் இருக்கிறது.

இரண்டு இடத்துக்கும் சார் சொன்னபடி மெயில் போட்டுவிட்டேன்.

நெய்வேலி_நிலா | திங்கள், இரவு 10:05

நானும் தமிழ் மீடியம்தான். முதல் வாரம் பேசவில்லை. பரிசோதனை மேஜையில் ஆங்கிலம் அவ்வளவாகத் தேவைப்படாது. "திஸ் ரீடிங் இஸ் நாட் கரெக்ட்" என்று சொல்லத் தெரிந்தால் சண்டையைத் தொடங்கிவிடலாம், மீதியைக் கிராஃப் பார்த்துக்கொள்ளும். விரிவுரைகளில் சிரமம் இருக்கும்தான். அதற்கு இப்போதே பிளஸ் ஒன் ஆங்கிலப் புத்தகத்தை ஒரு முறை வாய்விட்டுப் படி.

இயற்பியல் என்றால் டீச்சர் வேலைதானா என்று கேட்டாய் அல்லவா. ஆராய்ச்சியோடு அறிவியல் படிக்க மத்திய அரசின் ஐசர் கல்லூரிகள் இருக்கின்றன, நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். அவற்றுக்கு ஐஏடி என்று தனித் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்வி, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. நீ கம்ப்யூட்டர் குரூப் என்பதால் உயிரியல் உனக்கு உதைக்கும், ஆனால் மற்ற மூன்றில் பிடித்துவிடலாம். புவனேசுவரத்தில் இருக்கும் நைசரும் அதே மாதிரி அறிவியல் கல்லூரிதான், அதற்கு நெஸ்ட் தேர்வு. சென்னை சிறுசேரியில் சிஎம்ஐ என்ற கணிதவியல் நிறுவனத்தில் கணிதத்தோடு சேர்த்து இயற்பியல் படிக்கலாம். ஜேஇஇக்குப் படிப்பது இவை எல்லாவற்றுக்கும் பெருமளவு உதவும். அதனால் கோச்சிங்கை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

முகாமுக்குப் போக ஒரு பெரிய காரணம் இதுவேதான். பிடிக்கிறதா என்று மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். ஒரே பரிசோதனையை நான்காவது முறை செய்யச் சொன்னால் உனக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று பார். எரிச்சல் என்றால் தாராளமாக இன்ஜினியரிங் போ, 28,000ல் ஐந்து வருடம் மிச்சம்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9:00

கோச்சிங் சென்டர் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயர் இல்லாமல் பேசுங்கள்.

மஞ்சை_பிளஸ்ஒன் | வெள்ளி, மாலை 6:40

பதில் வந்துவிட்டது. காலையில் இரண்டு விரிவுரை, மதியம் முழுக்க லேப். கருவிக்கு இரண்டு பேர். மூன்று வாரத்தில் மொத்தம் ஐந்து பரிசோதனை, அதில் ஒன்றைக் கடைசி வாரம் முழுக்க நாமே வடிவமைத்துச் செய்து அறிக்கை எழுத வேண்டும். போன வருடம் போன ஓசூர்ப் பெண் ஒருவரின் எண்ணை அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். பேசினேன். "சாப்பாடு சுமார், வார்டன் கறார், லேப் சூப்பர்" என்றார். கட்டணச் சலுகைக்கு அப்பாவின் வருமானச் சான்றிதழோடு விண்ணப்பிக்கச் சொன்னார்கள், பாதிவரை குறைப்பார்களாம்.

கோச்சிங்கில் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்கள். வகுப்பு வீடியோ தருகிறோம், ஆனால் டெஸ்டுகளைத் திரும்ப வைக்க மாட்டோம் என்கிறார்கள்.

பண்ருட்டி_அப்பா | வெள்ளி, இரவு 8:20

அட்டவணையை அனுப்பிவிட்டார்கள், போன வருடப் பெண்ணோடு பேசவும் வைத்துவிட்டார்கள். என் பையன் போன இடத்தில் இந்த இரண்டில் ஒன்றுகூட நடந்திருக்காது. அப்பாவிடம் கேட்கும்போது "எனக்கு ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்லாதே. அட்டவணையையும் சலுகைக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடு. கணக்கு எழுதுகிறவர், தாளைப் பார்த்தால்தான் நம்புவார். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் திங்கட்கிழமையே போட்டுவிடு, கடைசி வாரம்வரை வைத்துக்கொள்ளாதே.

மஞ்சை_பிளஸ்ஒன் | சனி, காலை 10:30

நான் இவளுடைய அம்மா. இவள் போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். நீங்கள் எல்லோரும் படிப்பைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். பெண் பிள்ளை மூன்று வாரம் தனியாக இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இவள் வெளியே தங்கியதே இல்லை. நெய்வேலிப் பெண்ணே, உன் வீட்டில் எப்படி அனுப்பினார்கள்?

நெய்வேலி_நிலா | சனி, காலை 11:10

அம்மா, வணக்கம். என் அம்மாவும் நீங்கள் கேட்டதையேதான் கேட்டார்கள். அப்பா கொண்டுபோய் விட்டார், ஹாஸ்டலைச் சுற்றிப் பார்த்தார், வார்டன் எண்ணை வாங்கிக்கொண்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெண்கள் ஹாஸ்டல் தனிக் கட்டடமா, இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், லேப் இருட்டிய பிறகும் நடந்தால் யார் கூட்டிவருவார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி என்று வார்டனிடமே நேரில் கேளுங்கள். சரியாகப் பதில் வராவிட்டால் அப்படியே கையோடு கூட்டி வந்துவிடுங்கள், பணம் போனால் போகிறது. கடலூரிலிருந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் போகலாம். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். ஓசூர்ப் பெண் சாப்பாடு சுமார் என்று சொல்லியிருக்கிறாள்.

மஞ்சை_பிளஸ்ஒன் | புதன், இரவு 9:15

போகிறேன்! அப்பா முன்பணம் கட்டிவிட்டார். சலுகை முடிவு இன்னும் வரவில்லை. அது கிடைக்காவிட்டால் மீதியைக் கட்ட முடியாது என்று எழுதிக் கேட்டதற்கு, அப்படியானால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மெயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே கொண்டுவந்து விடுகிறார்கள்.

நிலா அக்கா, அலையை வரைந்து பார்த்தேன். ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகப் போவதால் மறு முனை முன்னேறி வந்து, மொத்தக் கோடும் கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகிறது. ஒளி கண்ணாடிக்குள் போகும்போது திரும்புவதும் இதே கணக்குதானே?

நெய்வேலி_நிலா | புதன், இரவு 9:40

இதே கணக்குதான். கடைசி வாரப் பரிசோதனைக்கு இதையே எடு. ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் சாய்வாக ஒரு பலகை, மேலே போன் கேமரா போதும்.

ஓடி_பையன் | புதன், இரவு 9:58

சூப்பர் அக்கா! சார், என் தம்பி எட்டாவது. அவனுக்கு இந்த மாதிரி காசு இல்லாம ஏதாவது இருக்கா?

கெடிலக்கரை | வியாழன், காலை 6:30

இருக்கிறது. இஸ்ரோ 2019லிருந்து யுவிகா என்ற முகாமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிறது. கோடை விடுமுறையில் இரண்டு வாரம், இஸ்ரோ மையங்களிலேயே தங்கல், செலவு அவர்களுடையது. எட்டாம் வகுப்பு மார்க்கும் அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் போன்றவையும் தேர்வில் சேரும். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. இந்த வருட மார்க்கும் சான்றிதழ்களும் பத்திரமாக இருக்கட்டும். அடுத்த வருடம் பிப்ரவரியிலிருந்தே இஸ்ரோ தளத்தைப் பார்த்துக்கொண்டிரு. அதற்குள் லாஸ்பேட்டை கோளரங்கத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போ.

கட்ஆஃப்_200 | வியாழன், காலை 7:20

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். போவதென்று ஆகிவிட்டது, அதனால் சொல்கிறேன் தங்கச்சி. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த மறுநாளே எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸைத் தொடங்கு. கூலும் விதி, மின்புலம், காஸ் விதிவரை ஏப்ரலுக்குள் முடித்துவிடு. மின்தேக்கியை மட்டும் திரும்பி வந்து வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். முகாமில் ஞாயிறு லீவு இருந்தால் கெமிஸ்ட்ரி, வேறு எதையும் தொடாதே. என்னிடம் பழைய டெஸ்ட் பேப்பர் கட்டு ஒன்று செம்மண்டலம் வீட்டில் கிடக்கிறது. சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன், அப்பாவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.